புதுப்பிப்பு: பஃபலோ சேபர்ஸின் போவன் பைரம்

2024 மார்ச்சில் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி அணியான சேபர்ஸ், முன்கள வீரர் மிட்டல்ஸ்டாட்டைக் கொலராடோ அணிக்குக் கொடுத்துவிட்டு தடுப்பாட்டக்காரர் பைரமை வாங்கியபோது, டாலின், பவர் என்று இரண்டு இடக்கை தடுப்பாட்டக்காரர்கள் இருக்கும்போது மூன்றாவதாக இன்னொருவர் எதற்கு, அதுவும் தலையில் அடிபட்டு அடிக்கடி வெளியே உட்கார்ந்தவர் என்று இங்கே பொரிந்து தள்ளியிருந்தேன்.

சரி, பாதி தப்பு என்னுடையதுதான். 2024-25இல் 82 ஆட்டமும் ஆடினார், 38 புள்ளிகள் (கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து). உடம்பு தாங்காது என்ற என் வாதம் அங்கேயே போச்சு.

ஆனால் டாலின் பக்கத்தில் இருக்கும்போது தெரிகிற பைரம் வேறு, தனியாக ஒரு தடுப்பாட்ட ஜோடியைத் தூக்கி நிறுத்தவேண்டிய பைரம் வேறு. பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) எடுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டுவது பார்க்க அழகு, எதிரணிக்காரன் நம் வலைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டால் மட்டும் ஆளை எங்கே காணோம் என்று தேடவேண்டியிருக்கிறது. 21 வயதிலேயே என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தொட்டவரிடம் இதைக்கூட எதிர்பார்க்கக் கூடாதா?

அப்புறம், 2025 ஜூலையில் போட்ட ஒப்பந்தம்: இரண்டே வருடம், வருடத்துக்கு 62.5 லட்சம் டாலர். நீண்ட காலத்துக்குக் கட்டிப்போடவில்லை பாருங்கள், சேபர்ஸுக்கும் என் சந்தேகம்தான் போலிருக்கிறது. மிட்டல்ஸ்டாட்டையும் கொலராடோ ஒரே வருடத்தில் பாஸ்டனுக்கு அனுப்பிவிட்டது.