நேற்றிரவு தீனி எடுத்த ஆமை, காலையில் இறந்து மிதக்கிறது. காரணம் கண்டுபிடிக்க முடியுமா?

ஓட்டுவீடு (கேட்பவர், சென்னை):
சிவப்புக் காது ஆமை, பெண், ஆறு வயசு, ஓடு 19 செ.மீ. நாலடித் தொட்டி, 200 லிட்டர், கேனிஸ்டர் ஃபில்டர். தண்ணி 27 டிகிரி, வெயில் மேடை 33. யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு மாத்தி ஏழு மாசம். நேத்து ராத்திரி பெல்லட் சாப்பிட்டுச்சு. காலை 6 மணிக்குப் பார்த்தா தலை தொங்கி மிதக்குது. காயமில்லை, மூக்குல குமிழ் இல்லை. ரெண்டு வாரமா மேடையில பின்னங்காலால சுரண்டிட்டே இருந்துச்சு, ராத்திரியில வெளிய ஏறப் பார்த்துச்சு. மத்தபடி எப்பவும் போலத்தான். கூட ஒரு சின்ன ஆண் ஆமை இருக்கு. எட்டு வயசுப் பொண்ணு "ஏன் செத்துச்சு"ன்னு கேட்டுட்டே இருக்கா, சொல்லத் தெரியலை.

செதில்:
முதல்ல இறந்துடுச்சான்னு உறுதி பண்ணுங்க. ஊட்டியில குளிர்ல மரத்துப்போன ஆமையைச் செத்ததுன்னு நினைச்சுப் புதைக்க வாய்ப்புண்டு. உங்க தண்ணி 27 டிகிரின்னா அது இல்லை. ஆனா மூச்சு முட்டின ஆமை மணிக்கணக்கா அசையாம கிடக்கும். கழுத்தை மெல்ல நீட்டி, தலை கீழ்நோக்கி இருக்கும்படி சாய்ச்சுப் பிடிங்க, தண்ணி வடியும். மல்லாக்கப் போடாதீங்க. கண்ணோரத்தையும் வாலடியையும் தொட்டுப் பாருங்க. இழுத்துக்கலைன்னா டாக்டர்கிட்ட டாப்ளர் கருவியில (ரத்த ஓட்டத்தைச் சத்தமா கேட்க வைக்கிறது) இதயத் துடிப்பைப் பார்க்கச் சொல்லலாம். ஆனா ஊர்வனத்துக்கு மூளை செத்த பிறகும் இதயம் கொஞ்ச நேரம் துடிக்கும், அதை மட்டும் வெச்சு நம்பிக்கை வைக்க வேண்டாம். கண் உள்வாங்கி நாற்றம் வந்துட்டா சந்தேகமே இல்லை.

கரைமணல்:
உறுதியானதும் உடலை ஃப்ரீசர்ல வைக்காதீங்க. எல்லாரும் பண்ற தப்பு இதுதான். உறைஞ்சா செல்லுக்குள்ள பனிக்கட்டி உருவாகித் திசுவைக் கிழிச்சிடும். நுண்ணோக்கில பார்க்க ஒண்ணும் மிஞ்சாது. ஈரமான பேப்பர் டவல்ல சுத்தி, ரெண்டு ஜிப் கவர் போட்டு 4 டிகிரியில வைங்க. வீட்டு ஃப்ரிட்ஜ் வேண்டாம்னா தெர்மோகோல் பெட்டியில ஐஸ் பேக், ஐஸ் உடம்புல படாம நடுவுல ஒரு துணி. நம்ம ஊர் சூட்டுல குடல் சில மணி நேரத்திலேயே அழுக ஆரம்பிக்கும், அதனால 24 மணி நேரத்துக்குள்ள கொண்டு போகப் பாருங்க. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில முதல்ல போன் பண்ணி ஆமைக்குப் பிரேதப் பரிசோதனை பண்ணுவாங்களா, எப்ப கொண்டு வரணும்னு கேளுங்க. தொட்டித் தண்ணி கொஞ்சம் ஒரு பாட்டில்ல, கடைசி தீனிப் பொட்டலம், தேதி வாரியா ரெண்டு வாரக் குறிப்பு, மூணும் கூடவே போகட்டும்.

இன்னொண்ணு: அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க. பின்னங்கால் சுரண்டல், ராத்திரி அலைச்சல், 19 செ.மீ. பெண். எனக்கு முட்டை அடைப்புன்னுதான், அதாவது முட்டை வெளிய வராம தங்கிடுச்சுன்னுதான் தோணுது. ஆண் சேராமலே முட்டை போடும். தோண்ட மண் இல்லைன்னா சில ஆமை அடக்கி வெச்சுக்கும். உள்ள முட்டை உடைஞ்சா மஞ்சள் கரு வயித்துக்குள்ள பரவி அழற்சி வரும், முடிவு வேகமா வந்துடும்.

ஓட்டுவீடு:
அப்போ அந்த ரெண்டு வாரத்துல நான் கவனிச்சிருந்தா பிழைச்சிருக்குமா?

கரைமணல்:
தெரியாது. பரிசோதனை முடியற வரைக்கும் இது என் ஊகம் மட்டும்தான். சுரண்டறது ஆரோக்கியமா முட்டை சுமக்கிற ஆமையும் பண்றதுதான், அது தீனி எடுத்துட்டு இருந்தா யாருக்கும் பயம் வராது. ஓடு இல்லாத கருமுட்டை தேங்கியிருந்தா எக்ஸ்ரேயில கூடத் தெரியாது, ஸ்கேன்தான் வேணும். ஊர்வன நோயை மறைச்சு வெச்சுக்கும், காட்டுல பலவீனம் தெரிஞ்சா இரையாயிடும். ஆனா மேடையில மண் இல்லாதது உண்மையான குறை, அதைச் சொல்லாம விடறதும் சரியில்லை. அடுத்த பெண் ஆமைக்கு ஈர மணலும் மண்ணும் கலந்து, ஓட்டு நீளத்துக்குக் குறையாத ஆழத்துல ஒரு பெட்டி வைங்க.

செதில்:
ஆண் ஆமையைத் தனித் தொட்டிக்கு மாத்துங்க. முட்டைதான் காரணம்னா அதுக்கு ஒண்ணும் ஆகாது, கிருமின்னா ஆகும். முடிவு வர்ற வரைக்கும் பிரிச்சு வைங்க. தொட்டித் தண்ணியைச் சோதிச்சா அமோனியா, நைட்ரைட் (கழிவால சேர்ற நச்சு) ரெண்டும் சுழி வரணும். பழைய தொட்டியைத் தேய்ச்சுக் கழுவின பிறகு ப்ளீச் 1 பங்கு, தண்ணி 10 பங்கு, பத்து நிமிஷம். நல்லா அலசிக் காய விடுங்க. அழுக்கு இருந்தா ப்ளீச் வேலை செய்யாது. ஆமைகிட்ட சால்மொனெல்லா (வயித்துப்போக்கு வர வைக்கிற கிருமி) இருக்கலாம், கையுறை போடுங்க, சமையலறை சிங்க்ல எதையும் கழுவாதீங்க.

பொண்ணுகிட்ட "தூங்குது"ன்னு சொல்லாதீங்க, அப்புறம் தூங்கப் பயப்படுவா. "உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு, ஏன்னு டாக்டர் பார்க்கப் போறார், அவருக்கும் கண்டுபிடிக்க முடியாம போகலாம்"னு சொல்லுங்க. காரணமே கிடைக்காத பரிசோதனையும் உண்டு, அதை இப்பவே சொல்லி வைக்கிறது நல்லது. உடல் திரும்பக் கிடைக்குமான்னு முன்னாடியே கேளுங்க. கிடைச்சா கிணத்துலேர்ந்து தூரமா, ரெண்டடிக்கு மேல தோண்டிப் புதைங்க, நாய் கிளறாது. ஆறு மாசத்துக்குப் புது ஆமை வாங்க வேண்டாம்ங்கிறது என் அபிப்பிராயம்.

ஓட்டுவீடு:
தொட்டுப் பார்த்தேன், அசைவில்லை. கண் உள்ள போயிடுச்சு. தெர்மோகோல் பெட்டியில வெச்சுட்டேன். எக்ஸ்ரே முதல்ல, அப்புறம்தான் அறுக்கணும், சரிதானே?

கரைமணல்:
ஆமா. ஐஸ் பேக்கை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க.