கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி சொன்னாரா இல்லையா

ஏரிக்கரை: போன வாரம் ரயில்பயணி இங்கே தான் படித்த புத்தகங்களைப் பற்றி எழுதியிருந்தார். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் முடித்தாராம், சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கடைசிவரை சொல்லாமல் கல்கி ஏமாற்றிவிட்டாராம், அதற்கு சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' நாவல் எவ்வளவோ மேலாம், அதில் மரம் செத்தால் ஏன் செத்தது என்றாவது தெரிகிறதாம். படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. நான் கட்டுமன்னார்கோயில்காரன். கொன்றது யார் என்று எங்கள் ஊர் அனந்தீசுவரர் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன். கல்லில் இருப்பதைக் கல்கி ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்?

ரயில்பயணி: சார், நான் எழுதியது நாவலைப் பற்றி. கல்வெட்டைப் படிக்க நான் தாம்பரத்தில் ரயில் ஏறவில்லை. கடம்பூர் மாளிகையில் கொலை நடந்த அந்த இரவு கத்தி யார் கையில் இருந்தது? ஒரே வரியில் பதில் சொல்லுங்கள், போதும்.

ஏரிக்கரை: ரவிதாசன். கல்லில் இருக்கிறது.

ரயில்பயணி: நாவலில்?

ஏரிக்கரை: கல்லில் இருக்கிறது என்கிறேன்.

பைண்டிங் மாமி: நாவலில் சிற்றரசர் பெரிய பழுவேட்டரையர் சபையில் எல்லார் முன்னாலும் 'நான்தான் கொன்றேன்' என்று சொல்கிறாரே, அதை இரண்டு பேரும் படிக்கவில்லையா? 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்ததை என் மாமியார் கிழித்துத் தைத்து வைத்த பைண்டிங் இன்னும் என்னிடம் இருக்கிறது, மணியம் படங்களோடு. அதில் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ரயில்பயணி: மாமி, கதாநாயகன் வந்தியத்தேவன் மேல் விழுந்த பழியைத் துடைக்க அவர் பொய் சொல்லியிருக்கலாமே. அந்தச் சந்தேகத்தை வாசகன் தலையில் கட்டிவிட்டுப் போகிறாரே கல்கி, அதைத்தான் ஏமாற்று என்றேன்.

ஏரிக்கரை: பழுவேட்டரையர் சொன்னது உண்மையோ பொய்யோ, கல்லில் அவர் பெயர் இல்லை. கல்வெட்டு என்ன சொல்கிறது தெரியுமா? 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' என்று தொடங்கி இவர்கள் பெயர்களைச் சொல்லி, இவர்களுடைய சொந்தக்காரர்களின் நிலம் வரைக்கும் பறிமுதல். ராஜராஜன் 985இல் பட்டத்துக்கு வருகிறான், இது அவனுடைய இரண்டாம் ஆண்டில் வெட்டியது. அரசனே சொல்லிவிட்ட பிறகு தாம்பரம் ரயிலில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் 'தெரியவில்லையே' என்றால் நான் என்ன செய்ய? கதை தொடங்குவதே எங்கள் வீரநாராயண ஏரிக்கரையில்தான், அதாவது வீராணத்தில்தான், ஆடிப்பெருக்கு அன்று. அந்த ஏரித் தண்ணீரைத்தான் 2004 முதல் சென்னையில் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். குடிக்கிற தண்ணீருக்காவது மரியாதை கொடுங்கள்.

ரயில்பயணி: கொலைக்கும் குடிதண்ணீருக்கும் என்ன சார் சம்பந்தம்?

நடுப்பக்கம்: ஏரிக்கரை அண்ணே, துரோகிகள் என்று பெயர் இருக்கிறது, சரி. ஆனால் பின்னால் இருந்து ஏவியது யார்? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் மேலேயே சந்தேகப்பட்டார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவப் பண்டாரத்தார் அது சரியில்லை என்று மறுத்தார். பெரியவர்களே முடிவுக்கு வராததை நீங்கள் கோயில் சுவரைக் காட்டி முடிக்கிறீர்கள்.

ஏரிக்கரை: வந்துவிட்டார் நடுப்பக்கம். ஏவியது யார் என்று யார் கேட்டது? கொன்றது யார் என்பதுதான் பேச்சு. பண்டாரத்தார் பெயரைச் சொல்ல உங்களுக்கு வாய் வந்தது ஆச்சரியம்தான், ஏனென்றால் அவருடைய பிற்காலச் சோழர் வரலாற்றை நான் இங்கே சொன்னபோது 'பழைய சரக்கு' என்றது நீங்கள்தான். நான் மறக்கவில்லை.

நடுப்பக்கம்: அண்ணே, அது புத்தகத்தின் அச்சைச் சொன்னேன், ஆளை இல்லை.

பைண்டிங் மாமி: ரயில்பயணி தம்பி, ஒன்று கேட்கிறேன். நீங்கள் படித்தீர்களா, காதில் மாட்டிக்கொண்டு கேட்டீர்களா? ஐந்து பாகத்தையும் மூன்று வாரத்தில் என்று எழுதியிருந்தீர்களே, அதனால் கேட்கிறேன்.

ரயில்பயணி: முதல் இரண்டு பாகம் படித்தேன். மற்றது ஒலிப்புத்தகம். தூங்காமல்தான் கேட்டேன். அதற்கென்ன?

பைண்டிங் மாமி: அப்படிச் சொல்லுங்கள். கொலை நடக்கிற இடத்தில் செங்கல்பட்டு வந்திருக்கும், இறங்கியிருப்பீர்கள்.

ரயில்பயணி: கேட்பதும் வாசிப்புதான் மாமி. வாரப் பத்திரிகையை ஒருவர் படிக்க, வீடே சுற்றி உட்கார்ந்து கேட்ட கதைதானே இது? அவர்கள் எல்லாரும் பொன்னியின் செல்வன் தெரியாதவர்களா?

ஏரிக்கரை: அதுதான் பார்த்தேன். கேட்டவருக்குக் கேள்விதான் வரும். மாமி சரியாகப் பிடித்தார்.

பைண்டிங் மாமி: என்னை உங்கள் பக்கம் சேர்க்காதீர்கள். கொன்றது பழுவேட்டரையர். அவர் வாயாலேயே சொன்னது.

ஏரிக்கரை: சொன்னது வேறு, கொன்றது வேறு. ரவிதாசன்.

நடுப்பக்கம்: அப்படியானால் நாவல் சொல்லவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ரயில்பயணி சொன்னதும் அதுதானே?

ஏரிக்கரை: நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சதி செய்தவர்களை முதல் பாகத்திலேயே திருப்புறம்பயம் பள்ளிப்படையில், அதாவது அரசன் சமாதி மேல் கட்டிய கோயிலில், கூட்டம் கூட்டிக் காட்டுகிறார் கல்கி, பழிவாங்கச் சபதம் எடுக்க வைக்கிறார், அதற்கு மேல் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்ட வேண்டுமா? கல்வெட்டு தெரிந்துதான் எழுதினார், தெரிந்தவர்களுக்குப் புரியும். எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் நானே சுவரைக் காட்டுகிறேன், பேருந்துச் செலவு உங்களுடையது. அப்புறம் நடுப்பக்கம், இவ்வளவு பேசுகிறீர்களே, 2019இல் என்னிடம் வாங்கிப்போன மூன்றாம் பாகம் எங்கே?

நடுப்பக்கம்: அதை அப்போதே கொடுத்துவிட்டேன் அண்ணே.

ஏரிக்கரை: கொடுக்கவில்லை. அலமாரியில் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் இன்னும் சந்து இருக்கிறது.

ரயில்பயணி: மூன்றாம் பாகம் என்றால் கொலை வாள்தானே?

ஏரிக்கரை: பாகத்தின் பெயராவது காதில் விழுந்திருக்கிறதே, சந்தோஷம்.

நடுப்பக்கம்: உங்கள் தம்பி கையில் கொடுத்தேன். வேண்டுமானால் அவரிடம் கேளுங்கள்.

ஏரிக்கரை: கேட்டாயிற்று. அவன் வாங்கவில்லை என்கிறான்.