1850 வாக்குல வந்த சான் பிரான்சிஸ்கோ பிரிண்ட், இவ்ளோ கப்பல் நிஜமா?

கேள்வி:
கலிபோர்னியா தங்க வேட்டை காலத்து லித்தோகிராப் (கல்லுல வரைஞ்சு அச்சடிக்கிற படம்) ஒண்ணோட ஸ்கேன் கிடைச்சுது. மலை மேல நின்னு பாக்குற மாதிரி சான் பிரான்சிஸ்கோ, கீழ மர வீடு, கூடாரம், அதத் தாண்டி தண்ணி முழுக்க பாய்மரக் கம்பமா நிக்குது. ஊரு பெருசா தெரியணும்னு ஓவியர் சேத்துட்டாரா? கலர் வேற கோட்ட தாண்டி வழிஞ்சிருக்கு. எந்த வருஷம்னு எப்படி பிடிக்கிறது?

பதில்:
கப்பல் நிஜம்தாங்க. 1848 ஜனவரில கலிபோர்னியா கொலோமால சட்டர் மில்லுங்கற மர அறுவை மில் பக்கம் ஜேம்ஸ் மார்ஷல் கண்ணுல தங்கம் பட்டப்போ சான் பிரான்சிஸ்கோல ஆயிரம் பேர் இருந்தா அதிகம், 1849 முடியறப்போ 25,000 கிட்ட. பயணிங்க இறங்கின கையோட மாலுமிங்களும் தங்கம் தோண்ட ஓடிட்டாங்க, கப்பல திருப்பி ஓட்ட ஆளே இல்ல, நூத்துக்கணக்குல அப்படியே நின்னுச்சு. சிலத கரைக்கு இழுத்து குடோன், கடை, ஹோட்டல்னு மாத்தினாங்க, யூஃபீமியான்னு ஒண்ணு ஜெயிலாவே இருந்துச்சு. நயான்டிக் கப்பல் குடோனா இருந்து 1851 மே தீ விபத்துல எரிஞ்சுது, அதோட அடிப்பாகம் 1978ல கட்டடத்துக்கு பள்ளம் தோண்டறப்போ நகரத்துக்கு நடுவுல கிடைச்சுது, ஏன்னா அந்த கடல் பகுதியையே மண்ணு கொட்டி மூடிட்டாங்க. எனக்கு இதெல்லாம் படிக்கப் படிக்க ஆச்சரியம் தீரல.

இன்னொரு பதில்:
வருஷத்துக்கு முதல்ல கீழ் ஓரத்துல பொடி எழுத்து இருக்கான்னு பாருங்க, அமெரிக்க காங்கிரஸ் சட்டப்படி பதிவு பண்ணதுன்னு வருஷத்தோட போட்டிருப்பாங்க. ஆனா அது பதிவான வருஷம்தான். ஸ்கெட்ச் கப்பல்ல அமெரிக்காவோட கிழக்குக் கரைக்கு போய் அங்க அச்சாகியிருந்தா படத்துல இருக்கற ஊரு அதுக்கு முந்தினது, நடுவுல தீ பிடிச்சு பாதி ஊரே போயிருக்கலாம். 1849 டிசம்பர்ல இருந்து 1851 ஜூனுக்குள்ள பெரிய தீ மட்டும் ஆறு தடவ! அதனால எந்தக் கட்டடம் நிக்குது எது இல்லன்னு பாத்தாலே காலம் ஓரளவு சிக்கிடும்.

கலர் வழியறது சாதாரணம், கல்லுல கருப்பு மட்டும் அச்சடிச்சிட்டு பிரஷ்ஷால கையில பூசினது. ஒரிஜினல் பேப்பர் கிடைச்சா லென்ஸ் வச்சு பாருங்க, ஒரே வரிசையா புள்ளி புள்ளியா இருந்தா பின்னாடி எடுத்த காப்பி.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. கப்பலுக்கு நடுவுல நீளமா ஒரு மரப்பாலம் தண்ணிக்குள்ள போகுது, அது என்னது?

முதல்ல பதில் சொன்னவர்:
லாங் வார்ஃபா இருக்கும், கப்பல்ல சரக்கு ஏத்தி இறக்கற நீள மேடை, 1849ல கட்ட ஆரம்பிச்சாங்க. இப்போ கமர்ஷியல் ஸ்ட்ரீட் அந்த வழியாத்தான் போகுது, மேப்ப பக்கத்துல வச்சு பாத்துடுங்க.