கார்ட் முடிந்தால் பிஆரும் முடிந்ததா? என்ர அனுபவம்

நான் கல்லடி. 2017 ஜூனில கனடாவுக்கு நிரந்தர வதிவிடத்தில (பிஆர்) போனன். 2019 மார்ச்சில அப்பாவுக்கு இடது பக்கம் இழுத்துப்போட்டு. ஓடி வந்தன். மூண்டு மாசத்தில திரும்பிறதாத்தான் யோசனை. ஆனா அவரைக் கட்டில்ல இருந்து தூக்கி இருத்த வீட்டில வேற ஆள் இல்ல. பிறகு கொரோனா.

2022இல பிஆர் கார்ட் காலாவதி. விசா செய்து குடுக்கிற ஒருத்தர், பேர் வேணாம், "உங்கட பிஆர் போயிட்டு. துறந்ததா ஒரு படிவத்தில கையெழுத்து வைங்க, விசிட்டர் விசா போடுவம்" எண்டார். பேனையும் எடுத்துத் தந்தார். அண்டைக்கு அப்பாவுக்கு மருந்து எடுக்கிற அவசரத்தில நாளைக்கு வாறன் எண்டு எழும்பினன். அவ்வளவுதான் என்னைக் காப்பாத்தினது.

கார்ட் முடிஞ்சா பிஆர் தன்னால போகாது. நாமளா துறக்கவேணும், இல்லாட்டி கனடாக் குடிவரவுக்காரர் முறையா முடிவெடுக்கவேணும். கார்ட் இல்லாம பிளேன் ஏற ஏலாது, அவ்வளவுதான். அதுக்கு வெளிநாட்டில இருந்தே கனடா திரும்பப் பயணப் பத்திரம் கேக்கலாம்.

பிஆரை வைச்சிருக்க ஐந்து வருசத்துக்குள்ள 730 நாள் கனடாவில இருந்திருக்கவேணும். பாஸ்போட் முத்திரையைப் பாத்து நகைக்கடைக் கலண்டரின்ர பின்பக்கத்தில கூட்டினன்: 638. மறுபடி கூட்டினன், அதே 638. 92 நாள் குறை.

மனிதாபிமானக் காரணத்தையும் பார்ப்பாங்க எண்டதால குறையை மறைக்கேல்ல. டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, அப்பாவை நான்தான் பராமரிக்கிறன் எண்டு கிராம சேவகர் தந்த கடிதம், தமிழில இருந்ததுக்கெல்லாம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு. பெற்றோல் வரிசைக் காலம். கொழும்புக்குப் போய்க் குடுக்கிறதுதான் பெரும்பாடு.

பயணப் பத்திரம் கிடைச்சிது. மறுத்திருந்தா 60 நாளுக்குள்ள மேன்முறையீடு செய்யலாம், அந்தத் திகதியையும் கலண்டரில குறிச்சு வைச்சிருந்தன். வெளிக்கிடக்குள்ள அப்பா, "மனே, இந்தமுறை நாளை எண்ணி இரு" எண்டார். இப்ப மாமியின்ர மகள் அவரைப் பாக்கிறா.

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு பதில்:
என்ர கத வேற கா. என்ர புருசன் கனடாக் குடிமகன். ரெண்டு பேரும் ஒண்டா இங்க 14 மாசம் இருந்தம். குடிமகனான துணையோட வெளிநாட்டில இருந்த நாளும் கணக்கில சேரும். ஆனா ஒண்டா இருந்ததுக்கு ஆதாரம் கேட்டாங்க. கலியாணச் சான்றிதழ் மட்டும் காணாது. ரெண்டு பேரின்ர பாஸ்போட்டிலயும் ஒரே திகதி முத்திரை இருந்தது உதவிச்சு.