அறுபதில் காதல் வந்தால் யாரை வைத்துச் சிரிக்கிறோம்?

தலவாக்கலை வாசகர் எழுதியது:

போயா விடுமுறைக்கு வந்திருந்த மகள், 2003இல் வெளியான ‘சம்திங்ஸ் கோட்டா கிவ்’ படத்தைப் போட்டுக் காட்டினாள். நான்சி மேயர்ஸ் எழுதி இயக்கிய படம். இளம்பெண்களோடு மட்டுமே பழகி வந்த, அறுபதைத் தாண்டிய ஹாரி, தன் காதலியின் தாயாருடைய கடற்கரை வீட்டில் மாரடைப்பில் விழுகிறார். பிறகு அந்தத் தாயாரிடமே மனத்தைப் பறிகொடுக்கிறார். ஜாக் நிக்கல்சனும் டயான் கீட்டனும் நன்றாகவே நடித்திருக்கிறார்கள். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் நாங்கள் எந்தெந்த இடத்தில் சிரித்தோம் என்று படுக்கப் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி அங்கியின் பின்பக்கம் திறந்திருப்பது தெரியாமல் அவர் தள்ளாடி நடந்தபோது சிரித்தோம். இருவரும் நெருங்கும் நேரத்தில் இரத்த அழுத்தம் பார்த்தபோதும் சிரித்தோம். மாடிப்படி ஏற முடிந்தால் எல்லாவற்றுக்கும் உடம்பு தயார் என்று மருத்துவர் வைக்கும் பரீட்சைக்கும் சிரித்தோம். (எங்கள் தேயிலைத் தோட்டத்துப் படிக்கட்டுகளில் அந்தப் பரீட்சையை வைத்தால் எழுபது வயதுப் பாட்டிமார் எல்லோருமே தேறிவிடுவார்கள்.)

ஆக, முதுமையில் வரும் காதலை மதிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இத்தகைய படங்கள், முதிய உடம்பை வேடிக்கைப் பொருளாக்கித்தான் பிழைக்கின்றன என்பது என் கட்சி. இன்னொன்றும் உண்டு. ஹாரியிடம் இசைத்தட்டு நிறுவனம் இருக்கிறது, அந்த அம்மையாரோ புகழ்பெற்ற நாடகாசிரியர். ஒருவர் காசு மற்றவருக்குத் தேவையில்லாத இடத்தில்தான் இந்த வயதுக் காதல் சிரிப்பாக இருக்க முடியும். நமது மலையகத்தில் அது சிரிப்பாக இராது, வழக்காகத்தான் முடியும்.

பண்டாரவளை டீச்சர் எழுதியது:

சேர், நீங்கள் சிரித்த இடங்களைக் கணக்கெடுத்தீர்கள். சிரிக்காத இடங்களையும் கொஞ்சம் எண்ணியிருக்கலாம். அந்தப் படத்தில் கீட்டன் கழுத்து வரை மூடிய சட்டைகளையே அணிந்து வருகிறார். ஒரு கட்டத்தில் கத்தரிக்கோலால் அதை வெட்டிவிடும்படி அவரே சொல்கிறார். அந்தக் காட்சியைப் பார்த்தபோது நான் சிரிக்கவில்லை. கணவர் இறந்த பின் பதினொரு வருடங்களாக வெளிர் நிறச் சேலைகளை மட்டுமே உடுத்திப் பள்ளிக்கூடம் போய்வந்தவள் நான். அப்படி உடுத்தச் சொல்லி எவரும் எனக்குக் கட்டளையிடவில்லை, ஆனாலும் உடுத்தினேன்.

தமிழில் இந்தப் பொருளை முன்பு எப்படிச் சொன்னார்கள் என்று பாருங்கள். 1985இல் பாரதிராஜா எடுத்த ‘முதல் மரியாதை’யில் சிவாஜி கணேசனின் அந்தப் பெரியவருக்கு மரணப் படுக்கையில் கிடந்து காத்திருக்கத்தான் அனுமதி கிடைத்தது. மகத்தான படம், ஆயினும் அங்கே காதலுக்கு விலை உயிர். நகைச்சுவைப் படத்துக்கோ ஒரு கட்டாயம் உண்டு: முடிவில் இருவரும் உயிரோடு சேர்ந்திருக்க வேண்டும். ஐம்பது தாண்டிய பெண்ணொருத்தி காதலித்த குற்றத்துக்குச் சாகாமலும் பைத்தியம் பிடிக்காமலும் படம் முடிகிறது என்றால், அந்தக் கலைவடிவத்துக்கு நான் நன்றி சொல்வேன். இரத்த அழுத்தக் கருவியைக் கண்டு நாலு பேர் சிரித்துவிட்டுப் போகட்டும்.

தலவாக்கலை வாசகர் எழுதியது:

டீச்சர், உங்கள் சேலையைப் பற்றி எழுதியதைப் படித்து மௌனமாகிப் போனேன். இருந்தாலும் வாதத்தை விட்டுவிட மனமில்லை. ‘முதல் மரியாதை’யிலும் ஆண்தான் முதியவர், பெண் இளையவள். 2007இல் பால்கி இயக்கிய ‘சீனி கம்’ இந்திப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (தலைப்பிலுள்ள சீனி நம் தேநீரில் போடும் அதே சீனிதான்). லண்டனில் சமையற்கலைஞராக இருக்கும் அமிதாப் பச்சனுக்கு வயது 64, தபுவுக்கு 34. மாப்பிள்ளையைவிட மாமனார் இளையவர் என்பதிலிருந்துதான் சிரிப்பு முளைக்கிறது. வயதுகளை மாற்றிப் போட்டு, 64 வயதுப் பெண்ணும் 34 வயது இளைஞனுமாக அதே கதையை எழுதினால் அதே குடும்பங்கள் உட்கார்ந்து பார்க்குமா?

காசு, வீடு என்ற விடயத்துக்கும் வருகிறேன். கடற்கரை வீடு இல்லாமல் ஹாரியின் கதையே இல்லை. தோட்டத்தில் இருப்பதோ லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், 10 அடிக்கு 12 அடி அறை; அதுவும் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. கொழுந்து பறித்து ஓய்ந்த பெண்ணின் கைக்கு வருவது ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகாலக் காசுதான். அந்தக் காசில் கூரைத் தகரம் மாற்றலாமா, கடைக்குட்டியைக் கொழும்புக்கு அனுப்பலாமா என்று பிள்ளைகள் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அம்மா இன்னொருவரைக் கைகாட்டினால், பிள்ளைகளின் கண்ணில் அவர் அம்மாவுக்குத் துணை அல்ல, பங்காளி.

மஸ்கெலியா மகன் எழுதியது:

சேர் சொன்ன அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன். அம்மா குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு 52 வயதில் திரும்பி வந்தார். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். டவுனில் லொறி ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர், சனிக்கிழமை தோறும் மாலை பஸ்ஸில் வந்து இறங்கி, கடதாசியில் சுற்றிய ஒரு றாத்தல் பாணை எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டு, நின்றபடியே தேநீர் குடித்துவிட்டுப் போவார். உள்ளே வந்து உட்கார்ந்ததே இல்லை. எங்கள் லயத்தில் நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. மூன்றாம் காம்பராவில் இருமினால் முதலாம் காம்பராவில் சுக்குத் தண்ணீர் வைப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு றாத்தல் பாண் எத்தனை கதைகளாகப் பெருகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஐந்தாவது வாரம், இனி வர வேண்டாம் என்று அவரிடம் நானே சொன்னேன்.

பிறகு 2017இல் வந்த ‘ப. பாண்டி’யைப் பார்த்தேன். தனுஷ் இயக்கிய முதல் படம். சண்டைப் பயிற்சியாளராக இருந்து ஓய்ந்த ராஜ்கிரண், மகன் வீட்டில் மகனுடைய ஒழுங்குக்கு அடங்கி வாழ்கிறார்; ஒருநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, இளமையில் பிரிந்துபோன காதலியைத் தேடிப் புறப்படுகிறார். சேர், அவருக்கும் சொந்த வீடு கிடையாது. அவர் தேடிப் போவதும் முப்பது வயதுப் பெண்ணை அல்ல, ரேவதியை. அந்தப் படத்தில் எனக்குச் சங்கடமாக இருந்தது தாத்தாவின் காதல் அல்ல, தகப்பனைத் திட்டும் அந்த மகனின் குரல். ‘சீனி கம்’மிலும் மாப்பிள்ளையைவிட நகைப்புக்குள்ளாகிறவர், கல்யாணம் வேண்டாம் என்று உண்ணாவிரதம் இருக்கும் அந்த மாமனார்தான். ஆகவே இவ்வகைப் படங்களில் அடி வாங்குவது முதிய உடம்பு என்பதைவிட, குறுக்கே நிற்கும் எங்களைப் போன்றவர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

பண்டாரவளை டீச்சர் எழுதியது:

தம்பி, நான் சொல்ல வந்ததை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மாசி மாதத்தில் நமது தோட்டங்களில் காமன் கூத்து ஆடுகிறார்கள். சிவனின் தவத்தைக் கலைத்த காமன் எரிக்கப்படுகிறான், ரதி விடிய விடிய ஒப்பாரி வைக்கிறாள், பிறகு காமன் எழுப்பப்படுகிறான். தாலியறுத்த ஒரு பெண் தன் ஆசையை ஊரறியப் பாடி அழுவதை, வருடம் தவறாமல் சாமி காரியமாகவே பார்த்து வருகிறோம். அதே பெண் மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பக்கத்தில் நிற்பவரோடு இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால் மட்டும் நமக்குப் பொறுப்பதில்லை.

தலவாக்கலை வாசகர் எழுதியது:

கூத்தில் ரதிக்குத் திரும்பக் கிடைப்பது அதே புருஷன், டீச்சர்; வேறொருவர் அல்ல. உங்கள் உதாரணம் என் பக்கத்துக்கே உதவுகிறது. ஆனால் சிரிப்பு யார்மீது விழுகிறது என்பதில் தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஹாரியின் படத்தை அந்தக் கண்ணோடு மறுபடி பார்க்க வேண்டும். வீட்டைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. பாண்டிக்கு வீடு இல்லாவிட்டாலும் ஏறிப் போக ஒரு வண்டி இருந்தது. பாண் கொண்டுவந்தவருக்கு பஸ்தான் இருந்தது; அதையும் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். அவர் இப்போது வருகிறாரா?

மஸ்கெலியா மகன் எழுதியது:

இல்லை சேர். நானே போய்க் கூப்பிடலாம் என்று இரண்டு தடவை டவுன் வரை போனேன், கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் ரொட்டிதான்.