ஸ்டிக்கருக்கு அடியில் வேறொரு தேதி: பக்கத்து மளிகைக் கடையைப் பற்றி எங்கே புகார் செய்வது?

ஜெலுத்தோங் வாசி, பினாங்கு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கீழே இருக்கும் மளிகைக் கடையில் என் பெற்றோர் காலத்திலிருந்தே சாமான் வாங்கி வருகிறோம். கையில் பணமில்லாத மாதங்களில் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அரிசியும் பருப்பும் கொடுத்தவர் அந்தக் கடைக்கார அண்ணன். ஆகவே, இதை எழுதுவதற்கே எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

அண்மையில் அங்கே வாங்கிய, இந்தியாவிலிருந்து வந்த மிளகாய்த்தூள் பாக்கெட்டின் பின்புறத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. அதில் காலாவதித் தேதி அடுத்த ஆண்டு என்று இருக்கிறது. ஆனால் ஸ்டிக்கரின் ஓரம் சற்றே பெயர்ந்திருந்ததால் அடியில் வேறு எழுத்துகள் தெரிந்தன. கடையிலேயே நிறுத்துப் பொட்டலம் போட்டு அடுக்கியிருக்கும் துவரம்பருப்பிலும் நிலக்கடலையிலும் தேதியோ, எங்கிருந்து வந்தது என்ற விவரமோ இல்லை. கடலைப் பொட்டலம் ஒன்றில் சில பருப்புகள் சுருங்கி, பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை பிடித்திருந்தன. ஃப்ரீசரில் உள்ள இறால் பாக்கெட்டுகளுக்குள் பனிக்கட்டி திரண்டு கிடக்கிறது.

மாநகர் மன்றத்திடம் சொல்ல வேண்டுமா, சுகாதார அமைச்சிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் கடையை மூடிவிடுவார்களா? அல்லது முதலில் அண்ணனிடமே பேசுவதுதான் முறையா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சுகாதாரப் பணி ஓய்வாளர், பட்டர்வொர்த்

வணக்கம் அம்மா. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் நீண்ட காலம் பணியாற்றி, பல மளிகைக் கடைகளின் பின்கட்டுகளுக்குள் நுழைந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒரே கடைக்கு மூன்று தரப்பினர் வருவதால்தான் மக்களுக்கு இந்தக் குழப்பம் ஏற்படுகிறது. கடையின் உரிமம், இடத்தின் தூய்மை, சாக்கடை, எலித் தொல்லை ஆகியவற்றைப் பினாங்கு மாநகர் மன்றம் பார்க்கிறது. விலைப்பட்டியலும் தராசும் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் பொறுப்பு. உணவுப் பொருள், அதன் லேபிள், அது வைக்கப்பட்டிருக்கும் நிலை ஆகியவை 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்கீழ் சுகாதார அமைச்சைச் சேர்ந்தவை. நீங்கள் சொல்லியிருப்பவை யாவும் இந்த மூன்றாவது வகைக்குள் வருவதால், உங்கள் பகுதிக்குரிய தீமோர் லாவுட் மாவட்டச் சுகாதார அலுவலகத்தை நாடுங்கள். நேரில் போகலாம்; அமைச்சின் 'சிஸ்பா' பொதுப் புகார்த் தளத்தின் வழியாகவும் அனுப்பலாம்.

ஆனால் புகார் எழுதுவதற்கு முன் அந்த ஸ்டிக்கரைச் சரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதே குற்றமாகாது. இறக்குமதியான உணவுப் பாக்கெட்டில் மலேசிய இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் கூறுவதால், நிறுவனங்கள் அந்த விவரங்களை ஸ்டிக்கராக ஒட்டி அனுப்புவது வழக்கம். மேலும், பல இந்தியப் பாக்கெட்டுகளில் காலாவதி நாள் நேரடியாக இராது. பாக்கெட் போட்ட மாதத்தை அச்சிட்டு, அதிலிருந்து இத்தனை மாதங்களுக்குள் பயன்படுத்தலாம் என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அந்தக் கணக்கைப் போட்டு, கிடைக்கும் தேதியை இறக்குமதியாளர் ஸ்டிக்கரில் குறிப்பிடுவதில் தவறில்லை. ஆகவே, அடியில் தெரியும் எழுத்து உற்பத்தி மாதமா, காலாவதி மாதமா என்று பாருங்கள். அச்சிட்ட மாதத்தோடு சொல்லப்பட்ட மாதங்களைக் கூட்டி, ஸ்டிக்கரில் உள்ள தேதியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஸ்டிக்கர் தேதி தள்ளிப் போயிருந்தால், அது உணவின் வயதைப் பற்றிப் பொய் சொல்லும் லேபிள். உணவுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு அதற்கு அபராதமோ, 3 ஆண்டுகள் வரையிலான சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. அத்தகைய செயலைப் பேசித் தீர்த்துக்கொள்ளும் விவகாரமாக நான் ஒருபோதும் கருதியதில்லை.

கடையை மூடிவிடுவார்களோ என்ற உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. சுகாதாரக் கேடான கடையை 14 நாள்களுக்கு மிகாமல் மூட உத்தரவிடும் அதிகாரத்தை 11-ஆவது பிரிவு வழங்குகிறது. எலிப் புழுக்கை கிடக்கும் மூட்டைகள், கரப்பான் மொய்க்கும் அலமாரிகள், கழிப்பறையை ஒட்டிய சாமான் அறை என்று நிலைமை மோசமாக இருக்கும்போதுதான் அது பயன்படுத்தப்படும். மற்றபடி, அதிகாரிகள் வந்தால் மூட்டைகள் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் விலகிப் பலகைமேல் இருக்கின்றனவா, ஃப்ரீசரின் வெப்பநிலை என்ன, பழைய சரக்கு முன்னால் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகமான பொருளின் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். விற்கக் கூடாததைப் பறிமுதல் செய்வார்கள். பெரும்பாலான கடைகளில் அறிவுரையோடும் திருத்திக்கொள்வதற்கான அவகாசத்தோடும், சில இடங்களில் 'கம்பவுண்டு' எனப்படும் அபராதத்தோடும் காரியம் முடிந்துவிடும்.

கடைக்காரர், செந்தூல்

அம்மா, நானும் கோலாலம்பூரில் இதே தொழிலைத்தான் செய்கிறேன். தேதியை மாற்றி ஒட்டியவருக்காக நான் பரிந்து பேசப் போவதில்லை. எனினும், அந்த ஸ்டிக்கரை ஒட்டியவர் கடைக்காரர்தான் என்று இப்போதே முடிவு கட்டிவிட வேண்டாம். காலாவதியை நெருங்கிய சரக்கை மலிவு விலையில் சிறு கடைகளின் தலையில் கட்டும் மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். விற்காமல் தங்கியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பவர்களும் இருக்கிறார்கள். பேரங்காடிகளால் அவர்களைக் கட்டாயப்படுத்த முடிகிறது. எங்களைப் போன்றவர்களால் முடிவதில்லை. எங்கிருந்து வாங்கினார் என்பதற்கான பில்லை அவர் வைத்திருந்தால், விசாரணை அந்த மொத்த வியாபாரியின் கிடங்கு வரை போகும்; போகவும் வேண்டும்.

பொட்டலம் போட்ட பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு மூட்டையைத் திறந்து வைத்து, வாடிக்கையாளர் கண்ணெதிரே நிறுத்துக் கொடுத்தோம். மூட்டையின்மேல் அச்சிட்டிருந்ததை யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது. இப்போது அரைக் கிலோ, ஒரு கிலோ என்று முன்கூட்டியே பொட்டலம் போட்டுத் தொங்கவிடுகிறோம். மூட்டைச் சாக்கு குப்பைக்குப் போகும்போது விவரமும் அதோடு போய்விடுகிறது. பொட்டலமாகிவிட்ட உணவுக்குப் பெயர், எடை, பொட்டலமிட்டவரின் பெயர், முகவரி ஆகியவை கொண்ட லேபிள் வேண்டும். நான் ஒரு சிறிய லேபிள் இயந்திரம் வாங்கி வைத்திருப்பதுடன், ஒவ்வொரு மூட்டையின் சீட்டையும் வெட்டி, அந்தச் சரக்கு தீரும் வரை நோட்டில் ஒட்டி வைக்கிறேன். ஒரு மூட்டையில் வண்டு விழுந்தது தெரிந்தால், எந்தப் பொட்டலங்களை எடுத்துவிட வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

இறாலைப் பொறுத்தவரை, மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் ஃப்ரீசரை நிறுத்தும் பழக்கம் சில கடைகளில் உண்டு. உருகி மீண்டும் உறைந்த பாக்கெட்டில்தான் பெரும்பாலும் அப்படிப் பனிக்கட்டி திரளும். ஃப்ரீசர் கழித்தல் 18 பாகை செல்சியஸில் இரவும் பகலும் ஓட வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள்: அவர் தோசைமாவோ துருவிய தேங்காயோ கடையில் தயாரித்து விற்றால், அதைக் கையாளுபவர்கள் உணவு கையாளுவோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். அந்த ஊசியை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பருப்பு, கடலை, ஃப்ரீசர் ஆகியவற்றை முதலில் அவரிடமே சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து.

உணவு அறிவியல் ஆசிரியை, சுங்கை டுவா

செந்தூல் அண்ணனின் விளக்கம் மிகவும் பயனுள்ளது; ஆனால் கடலையை அந்தப் பட்டியலில் சேர்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஈரக்காற்று நிறைந்த நம் ஊரில் நிலக்கடலை, காய்ந்த மிளகாய், சோளம் போன்றவற்றில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கின்றன. அது கல்லீரலைத் தாக்கும். நெடுங்காலம் உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கும் காரணமாகும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுமையாக அழிவதில்லை. பூஞ்சை பிடித்தவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைச் சட்னிக்கு அரைப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. பார்வைக்கு நன்றாக இருக்கும் பருப்பிலும் நஞ்சு இருக்கக்கூடும் என்பதால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

1988-ஆம் ஆண்டில் பேராக்கில் ஒருவகை அரிசி நூடுல்ஸ் சாப்பிட்ட 13 குழந்தைகள் உயிரிழந்தார்கள். அதற்குக் காரணம் அஃப்ளாடாக்சின் என்று மருத்துவ ஆய்வாளர்கள் பின்னர் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நிகழ்வை என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லிக் கொடுக்கிறேன். பூஞ்சை பிடித்த கடலையை வேறொரு பிள்ளையின் தாய் இன்றைக்கே வாங்கிச் செல்லக்கூடும். ஆகவே, கடைக்காரரிடம் உடனே சொல்லி அலமாரியிலிருந்து எடுக்கச் செய்யுங்கள். அவர் எடுத்துவிட்டாலும் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அதே மொத்தச் சரக்கிலிருந்து போன மூட்டைகள் வேறு எத்தனை கடைகளில் இருக்கின்றன என்பதை அவர்களால்தான் தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

ஜெலுத்தோங் வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓய்வாளர் ஐயா சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பாக்கெட்டில் உற்பத்தி மாதமும், அதிலிருந்து 12 மாதங்கள் என்ற குறிப்பும் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஸ்டிக்கர் தேதியோ உற்பத்தியிலிருந்து 20 மாதங்கள் தள்ளி இருக்கிறது. இறக்குமதியாளரின் பெயர் வேறொரு ஸ்டிக்கரில் தனியாக உள்ளது. தேதி ஸ்டிக்கரின் காகிதமும் எழுத்தும் அதோடு ஒத்துப்போகவில்லை.

கடலையைப் பற்றி அண்ணனிடம் பேசினேன். அவர் மறுக்காமல் எல்லாப் பொட்டலங்களையும் என் கண்முன்னே இறக்கிவிட்டார். மிளகாய்த்தூளைப் பற்றிக் கேட்டபோது, வந்தபோதே இப்படித்தான் இருந்தது என்றார். பில்லைக் கேட்டதற்குப் பதிலில்லை. இனி முறைப்படி புகார் கொடுப்பதென்று தீர்மானித்துவிட்டேன். பாக்கெட்டை நான் ஏற்கெனவே பிரித்துவிட்டேனே, அதனால் பயன் உண்டா?

சுகாதாரப் பணி ஓய்வாளர், பட்டர்வொர்த்

உண்டு அம்மா. லேபிளைப் பொறுத்தவரை உறைதான் முக்கியம். ஸ்டிக்கரை நீங்களாக உரிக்காதீர்கள். உரித்துவிட்டால் யார் ஒட்டியது, எப்போது ஒட்டியது என்ற கேள்விகளுக்கு இடமாகிவிடும். உள்ளிருக்கும் தூளை வேறு டப்பாவுக்கு மாற்றாமல், உறையோடு ஒரு தூய பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம், பெயர்ந்த ஓரம் ஆகியவற்றைத் தெளிவாகப் படமெடுத்து, கடையின் முகவரி, வாங்கிய நாள், ரசீது இருந்தால் அதன் படம் ஆகியவற்றோடு சேர்த்து அனுப்புங்கள். பிரிக்காத பாக்கெட்டுகள் அலமாரியில் இன்னும் இருந்தால், அதைப் புகாரில் மறக்காமல் குறிப்பிடுங்கள். ஆய்வுக்கு வேண்டிய மாதிரியை அதிகாரி அங்கிருந்து எடுத்துக்கொள்வார். வாங்கிய பில்லைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவரும் அவரே.