திகதி, நேரம் வாசிக்கும் செய்நிரலுக்கான அலகுச் சோதனைகள்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துப் பழைய பிறப்புப் பதிவுகளிலுள்ள திகதியையும் நேரத்தையும் வாசித்து உலகப் பொது நேரத்துக்கு மாற்றும் செய்நிரலொன்றைப் பைத்தனில் எழுதி வருகிறேன். அதற்கான அலகுச் சோதனைகளில் (செய்நிரலின் சிறு பகுதிகள் சரியாக இயங்குகின்றனவா எனப் பார்ப்பவை), 03/04/2006 என்பதை ஏப்ரல் 3 எனக் கொள்கிறதா என்று சோதிப்பது இலகு.

ஆனால், 2006 ஏப்ரல் 15 அன்று நள்ளிரவு தாண்டி 12.30 மணிக்கு இலங்கை நேரம் அரை மணித்தியாலம் பின்னகர்த்தப்பட்டதால், அன்று 12.10 என்ற நேரம் இருமுறை வந்தது. 1996 மே 25 அன்றோ, கடிகாரம் முன்னகர்த்தப்பட்டதால், நள்ளிரவுக்குப் பிந்திய ஒரு மணித்தியாலம் இல்லவே இல்லை. (சாதகம் கணிப்பவர்களுக்கு இது சிறிய விடயமல்ல.)

இப்போது எல்லாவற்றையும் ஒரே சோதனைக்குள் அடைத்திருப்பதால், முதலாவது பிழையிலேயே அது நின்றுவிடுகிறது. மற்றத் திகதிகளின் நிலை தெரிவதில்லை. இருமுறை வரும் நேரத்துக்கு ‘ஃபோல்ட்’ (முதல்முறை வந்ததா, இரண்டாம் முறை வந்ததா என்று பைத்தனில் குறிக்கும் மதிப்பு) 0, 1 ஆகிய இரண்டுக்கும் தனித்தனிச் சோதனை எழுதுவதா, பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் அட்டவணையாக இடுவதா? இல்லாத நேரத்துக்குப் பிழை எழுப்புவதையே சரியான விடையாகக் கொள்ளலாமா? எழுதிப் பழகியவர்கள் ஒரு சிறு மாதிரியுடன் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.